எத்தனையாவது மாதம்

மாமியை வைத்திருந்த குளிர்பெட்டி முன்னறையில் உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது நான் சாமான் அறையில் மண்டியிட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். சாவு வீட்டில் அரிசி டிரம்மைத் துழாவுகிற மருமகளைப் பார்த்தால் யாரும் நல்லதாக நினைக்க மாட்டார்கள். மரித்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பிரசீதா ஒரு செம்பு நிறையக் கஞ்சியும் பயறும் காலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்தாள். ஆனால் நான் தேடியது ஆக்கித் தின்பதற்கு இல்லை. பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த நீளமான துணிப்பை ஒன்று அங்கே இருந்தது. அதில் மூன்று கிலோ புழுங்கலரிசி. அதிலிருந்து மாமிக்கு வாய்க்கரிசி போடுவதாக நான் மாமியின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

மாமி என்றால் என் வீட்டுக்காரர் ஜெயனின் அம்மா, விலாசினி. எண்பத்தொன்பது வயது. முந்தின நாள் காலை ஆறரை மணிக்கு என்னிடம் கட்டன்சாயா கேட்டார். நான் போட்டுக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அவ்வளவு அவசரம். துபாயிலிருந்து இரண்டாவது மகன் சஜி வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு நாள் பெட்டிக்குள் வைத்திருந்தோம். வாழ்நாளில் ஒரு முழுப்பகல் ஓரிடத்தில் இருந்தறியாத மனுஷி. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, என்னை எழுப்பி விடேன் என்று முகம் கடுகடுத்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அவர் போன இடங்களைச் சொன்னால் கேட்பவர்கள் நான் கதை விடுவதாக நினைப்பார்கள். பத்தொன்பது வயதில் பம்பாய்க்கு ஓடிப்போன இந்த சஜியைத் தேடி, தமிழும் மலையாளமும் தவிர வேறு பாஷை தெரியாமல், ஒரு பையில் அவல் கட்டிக்கொண்டு தனியாக ரயில் ஏறினார். பதினோராம் நாள் அவனைக் காதைப் பிடித்து பாறசாலை ஸ்டேஷனில் இறக்கினார். ஐம்பத்தைந்து வயதில் பஞ்சாயத்துத் தேர்தலில் சுயேச்சையாக நின்று பதினாலு ஓட்டில் தோற்றார். தோற்ற மறுநாள் யார் யார் தனக்கு ஓட்டுப் போடவில்லை என்று தோன்றியதோ அந்த வீடுகளுக்கெல்லாம் போய் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டு வந்தார். எண்பதாவது வயதில் பூவாறில் சுற்றுலாப் படகில் ஏறி, ஆறு கடலோடு சேருகிற பொழிமுகத்துக்குள் விடச் சொல்லிப் படகோட்டியிடம் சண்டை போட்டார். அவன் கடைசிவரை விடவில்லை. அந்த வருத்தம் அவருக்குச் சாகும்வரை இருந்தது. ஊரில் பேசாத பேச்சில்லை. "ஊர்வாயை மூட உலைமூடி உண்டா மக்கா? அவியளும் எதையாவது சொல்லிச் சிரிக்கட்டு" என்பார்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கதை அரிசிக் கதைதான். எங்கள் வீடு எல்லையை ஒட்டி, கேரளத்துப் பக்கம். அறுபத்தைந்தாம் வருஷம், கேரளத்தில் அரிசிக்குப் பெரும் பஞ்சம். ரேஷனில் போடுவது ஒரு வேளைக்கு வராது. ஏழெட்டு மைல் தாண்டி மார்த்தாண்டம் சந்தையில் அரிசி குவிந்து கிடக்கும். ஆனால் தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் குற்றம். மாமாவுக்கு, அதாவது பொன்னப்பனுக்கு, நெஞ்சுநோய். வேலைக்குப் போக முடியாது. மாமி நீளமாக ஒரு பை தைத்து, மூன்று பக்கா, அதாவது மூன்று படி அரிசியை அதில் நிறைத்து வயிற்றில் கட்டி, மேலே முண்டு உடுத்துக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கி அடிமேல் அடி வைத்து செக்போஸ்டைக் கடந்துவிடுவார். வாரம் மூன்று தடவை. பாதி வீட்டுக்கு, பாதி விற்பதற்கு. "ரெண்டு வருஷமா எனக்கு நிறைமாசமாக்கும். ஒரு பயலும் கணக்குப் பாக்கல்ல" என்று சொல்லிச் சிரிப்பார்.

பிடிபட்டது ஒரே ஒரு நாள். கூட வந்த ஒருத்தியின் பிள்ளை காட்டிக் கொடுத்துவிட்டதாம். போலீஸ்காரர் அந்தப் பிள்ளையிடம் விளையாட்டாக ஏதோ கேட்கப்போக, அது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது. "அண்ணைக்கு ஸ்டேஷன்லயாக்கும் எனக்குப் பேறுகாலம். சுகப்பிரசவம். மூணு பக்கா!" என்று மாமி முடிக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த இந்த இருபத்தாறு வருஷத்தில் நானே இருநூறு தடவை கேட்டிருப்பேன். சிரிக்காமல் இருப்பது ஒரே ஒருவர்தான். மாமியின் மூத்த மகள், ஸ்ரீகுமாரி அக்கா.

அக்கா நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் தர மறந்தால், இறங்கின பிறகும் ஓடிப்போய்க் காசு கொடுக்கிற ஜாதி. அவர் உள்ளே வந்தாலே நாங்கள் காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்துகொள்வோம். கடத்தல் கதை அவருக்குப் பிடிக்காது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பைக்குள் இருந்த அரிசி வந்தது இந்த ஜனவரியில். ஒருநாள் காலை மாமி என்னிடம், "ஜிஜா, வண்டியெ எடு. களியக்காவிளை வரைக்கும் போவணும்" என்றார். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். எல்லை தாண்டி, தமிழ்நாட்டுச் சந்தைப் பக்கத்தில் ஒரு கடையில் மூன்று கிலோ புழுங்கலரிசி வாங்கினார். பிறகு கடைக்காரப் பெண்ணிடம் கேட்டுப் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது வயிறு முன்னால் தள்ளியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்பத்தொன்பது வயதில் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"மாமி, இது என்ன கோலம்? வண்டியில ஏறுங்க."

"வண்டியில போனா அது சாமான் வாங்கீட்டுப் போறது. நடந்தாக்கும் போவணும். நீ பொறத்தால உருட்டீட்டு வா."

நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். எல்லையில் பழைய வரிச் சாவடியின் கதவு பூட்டிக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் லாரியில் ரேஷன் அரிசி கடத்துவதைப் பிடித்ததாகப் பேப்பரில் வரத்தான் செய்கிறது. ஆனால் கிழவியின் வயிற்றை யார் பார்ப்பது? மாமி அவருக்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். ஒரு தடவை இருமக்கூடச் செய்தார். அவர் தலையைத் தூக்கவில்லை. அந்தப் பக்கம் மேஜை போட்டிருந்த லாட்டரிக்காரர் மட்டும், "அம்மச்சி, டிக்கெட் வேணோ?" என்று கேட்டார்.

"ஒருத்தனும் கேக்கல்லியே மக்கா" என்றார் மாமி. உண்மையாகவே முகம் வாடிவிட்டது.

"இப்போ இதையெல்லாம் ஆரு மாமி கேப்பா?"

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு திடீரென்று நின்று, "ஸ்ரீகுமாரியெ கூட்டீட்டு வந்திருக்கணும். அவளாவது சொல்லிக் குடுத்திருப்பா" என்றார். சொல்லிவிட்டு வயிற்று அரிசி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து முந்தானையால் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அக்காவின் கண்டிப்பைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். "எனக்க பிள்ளியளுக்க வாயில விழுந்தது இந்த அரியாக்கும். எனக்க வாயிலயும் இதுதான் விழணும். நீ பாத்துக்க" என்றார். கையை நீட்டினார். நான் அடித்துக் கொடுத்தேன். இதற்கு ஏன் மகளையும் மகன்களையும் விட்டுவிட்டு என்னைப் பிடித்தார் என்று அப்போது யோசிக்கவில்லை. நான்தான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், அதனால் இருக்கும்.

பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். காரியங்களை நடத்த வந்திருந்த ராஜையா அண்ணன் நிலவிளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்முறியில் திரி வைத்துக்கொண்டிருந்தார். தெற்கே மாமரம் வெட்டுகிற சத்தம் கேட்டது. நான் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் பைக்குள் கையை விட்டு நாலு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"புழுங்கலரியில்லா இது? ஒருக்கா வெந்ததாக்கும். வாய்க்கரிசிக்குப் பச்சரி வேணும் மக்கா. இது ஆவாது."

"மாமிக்க ஆசையாக்கும் அண்ணே."

"ஆசை ஆயிரம் இருக்கும். முறைண்ணு ஒண்ணு உண்டுல்லா?"

சுவரோரம் நாற்காலியில் இருந்த ஸ்ரீகுமாரி அக்கா தலையைத் திருப்பினார். பையைப் பார்த்தார். அந்தத் துணியின் நீளத்தையும் இரண்டு முனையிலும் தொங்கிய நாடாக்களையும் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை.

"அதெ உள்ள கொண்டு வை ஜிஜா" என்றார்.

"அக்கா, நான் சத்தியம் பண்ணிக் குடுத்தது..."

"உள்ள கொண்டு வைண்ணு சொன்னேன்."

ஜெயனைப் பார்த்தேன். டயர் கடையில் லாரிக்காரர்களை விரட்டு விரட்டென்று விரட்டுகிற மனுஷன், அக்கா முன்னால் மூன்றாம் வகுப்புப் பையனாகிவிடுவார். "அக்கா சொன்னா பின்ன அதுதானே" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைகளுக்கு இல்லாத கவலை எனக்கென்ன என்று தோன்றியது. இரண்டு நாளாக அழாமல் இருந்த எனக்குச் சாமான் அறைக்குள் வந்ததும் அழுகை வந்துவிட்டது. மாமி என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான். சஜியின் விமானம் இறங்கிவிட்டது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவான், வந்ததும் குளிப்பாட்டுவார்கள், பச்சரிசி போடுவார்கள், கொண்டுபோய்விடுவார்கள். பிறகு நான் இந்த அரிசியை என்ன செய்வது? சோறாக்கித் தின்பதா?

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அம்மை இதெ உனக்கிட்டயா சொன்னா?" என்றார். "எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே."

அக்கா டிரம்மின் மூடிமேல் உட்கார்ந்தார். அப்படிக் கண்ட இடத்தில் உட்காருகிறவர் இல்லை. மடியில் பையை எடுத்து வைத்துக்கொண்டு நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

"அம்மை பிடிபட்ட கதையில ஒரு பிள்ளெ வரும்லா. அது ஆருண்ணு தெரியுமா உனக்கு?"

"கூட வந்த ஒருத்திக்க பிள்ளெண்ணு..."

"கூட ஆரும் வரல்ல."

வெளியே மரம் வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு போனார்.

"எனக்கு ஏழு வயசு. கையில பிள்ளெயும் இருந்தா சந்தேகப்பட மாட்டாவண்ணு என்னெ கூட்டீட்டுப் போவா. அந்தப் போலீஸ்காரர் நல்ல மனுஷன். குனிஞ்சு எனக்க தாடையெ பிடிச்சு, 'மோளே, அம்மைக்கு எத்தனாமத்தே மாசமாணு?'ண்ணு கேட்டாரு. சும்மா கேட்டதாக்கும். எனக்கு மாசம்ணா என்னண்ணு தெரியாது. தெரிஞ்சதைச் சொன்னேன். 'மாசமில்ல சாரே, அரியாக்கும்'னேன். உரக்கச் சொன்னேன், பாடம் ஒப்பிக்கியது மாதிரி. அவரு சிரிச்சுட்டாரு. ஆனா பக்கத்துல நின்ன பெரிய ஆபீசரு சிரிக்கல்ல. அம்மையெ கூட்டீட்டுப் போயி எல்லாத்தையும் சாக்குல தட்டச் சொன்னாவ. அந்தப் போலீஸ்காரரு எனக்கு ஒரு நாரங்காமிட்டாய் தந்தாரு."

நாடாவை விரலில் இறுக்கிக்கொண்டு, "நான் அதெ தின்னேன் ஜிஜா" என்றார். "அம்மை அங்க நிக்கியா. அரியெ கொட்டுகா. நான் மிட்டாய் தின்னுட்டு நிக்கியேன்."

அறுபத்தாறு வயதுத் தலைமையாசிரியையின் வாய் கோணிக்கொண்டு போனது. அவரைத் தொட்டுப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

"மறுநாள் காலத்தயாக்கும் அம்மையெ விட்டாவ. அடிக்கல்ல என்னெ. ஏன் சொன்னேண்ணு ஒரு வாக்கு கேக்கல்ல. அதுக்குப் பொறவு என்னெ கூட்டீட்டுப் போவல்ல, அவ்வளவுதான். பின்ன நாலஞ்சு வருஷம் களிஞ்சு இதெ ஒரு கதையாட்டு சொல்லத் தொடங்கினா. கூட வந்தவளுக்க பிள்ளெண்ணு சொன்னா. எனக்கு முன்னாலயே இருந்து சொல்லுவா. எனக்கு நாணக்கேடு வரண்டாம்னு மறைச்சாளா? இல்ல, இந்தக் காரியம் செஞ்சவ எனக்க பிள்ளெ இல்லண்ணு தள்ளி வச்சாளா? அம்மை அதெ சொல்லும்போ ஒவ்வொரு மட்டமும் இண்ணைக்குக் கேக்கணும், இண்ணைக்குக் கேக்கணும்னு இருப்பேன். அறுவது வருஷம் ஆச்சு. இப்போ பெட்டிக்குள்ள கிடக்கா."

அப்போதுதான் எனக்கு அந்த ஜனவரி வெயில் நினைவுக்கு வந்தது. மாமி நின்ற இடம், சிரித்த சிரிப்பு, முந்தானையால் கண்ணைத் துடைத்தது.

"அக்கா" என்றேன். "இந்த அரியெ வயித்துல கெட்டிக்கொண்டு மாமி ஜனவரியில செக்போஸ்ட் வழியா நடந்துவந்த அண்ணைக்கு அங்க ஒருத்தரும் கேக்கல்ல. அது மாமிக்கு வருத்தம். அப்போ ஒரு காரியம் சொன்னாவ. நான் தமாசுண்ணு விட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

"'ஸ்ரீகுமாரியெ கூட்டீட்டு வந்திருக்கணும், அவளாவது சொல்லிக் குடுத்திருப்பா'ண்ணு. சொல்லிட்டு நிக்க முடியாம சிரிச்சாவ அக்கா. கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாவ."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆறுதலுக்குப் பொய் சொல்கிறேனா என்று பார்த்தார் என நினைக்கிறேன். எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்த கண். பிறகு, "வெசமம் பிடிச்ச கிழவி" என்றார். முதலில் சிரிப்பு மாதிரிதான் வந்தது. அப்புறம் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது. பெட்டியின் முன்னால் ஒரு நாள் முழுக்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர். நான் முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

சஜி வந்தான். பெட்டியைத் திறந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் குளிப்பாட்டி, கோடி உடுத்தி, தெற்கே தலை வைத்து வாழையிலையில் கிடத்தினார்கள். ராஜையா அண்ணன் பச்சரிசித் தட்டை எடுத்து வைத்தார். சஜி போட்டான், ஜெயன் போட்டார். அடுத்து மகள் என்று அண்ணன் கூப்பிட்டார். ஸ்ரீகுமாரி அக்கா தட்டின் பக்கம் போகவில்லை. முந்தானைக்குள்ளிருந்து அந்தப் பையை எடுத்து நாடாவை அவிழ்த்தார்.

"டீச்சரே, அது என்னதாக்கும்?" என்று ராஜையா அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா நிமிர்ந்தார்.

"அரியாக்கும்" என்றார்.

உரக்கச் சொன்னார். முற்றத்தின் கடைசியில் நின்றவர்கள்வரை கேட்டது. ராஜையா அண்ணனின் கை அப்படியே நின்று, பிறகு கீழே இறங்கியது. அக்கா குனிந்து மூன்று தடவை போட்டார். உதட்டில் நிற்காமல் சில மணிகள் தாடையில் உருண்டு கழுத்துக்குழியில் விழுந்தன. அவர் அவற்றைத் துடைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துப் பையை நீட்டினார். நானும் போட்டேன். வாய்க்கரிசி போட்டு முடித்த சஜியும் ஜெயனும் என்ன ஏது என்று கேட்காமல் மறுபடியும் வந்து இதிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டார்கள்.

மாமியைத் தூக்கினார்கள். வீட்டைச் சேர்ந்த தெற்குப் பறம்பில் சிதைக்கு மாமரக் கட்டைகள் அடுக்கியிருந்த இடம் ஐம்பதடி தூரம்கூட இல்லை. பையில் இன்னும் பாதிக்குமேல் அரிசி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வயிற்றோடு சேர்த்துவைத்து நாடாவைப் பின்னால் முடிந்துகொண்டார். ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக, ஈரமண்ணில் அடிமேல் அடி வைத்து அம்மாவின் பின்னால் நடந்தார்.